சினிமா டிஸ்க் சேகரிப்பு: இனி எதை வாங்குவது, இருப்பதை எப்படிக் காப்பது?

வட்டுப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

டிஸ்க்கில் படம் சேர்ப்பவர்களுக்காக இந்த இழை. நிலைமை தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன். ஆப்போ 2018இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டே, அமெரிக்கச் சந்தைக்குப் புது ப்ளூ-ரே பிளேயர் இனி இல்லை என்றது சாம்சங். நெட்ஃபிளிக்ஸின் தபால்வழி டிவிடி சேவை 2023 செப்டம்பர் 29ஆம் தேதியோடு முடிந்தது. பெஸ்ட் பை 2024இல் டிஸ்க் விற்பதையே விட்டது. அந்த ஆண்டின் கடைசியில் எல்ஜி-யும் பிளேயர்களைக் கைவிட்டது. 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது வெற்று ப்ளூ-ரே டிஸ்க்குகளை மட்டும்தான். படம் அச்சிட்டு வரும் டிஸ்க் வேறு. இந்த இரண்டையும் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேட்க நினைப்பது மூன்று. எந்த மாதிரிப் படங்களுக்கு இன்னும் டிஸ்க் வாங்கலாம்? இருக்கிற டிஸ்க் இன்னும் 20 ஆண்டு ஓட என்ன செய்யணும்? ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவதென்றால் முறையாக எப்படி? "எனக்குப் பிடிக்கும், அதனால் வாங்குறேன்" என்பது வேண்டாம். அளவு, காரணம், செய்முறை என்று எழுதினால் பின்னால் வருபவர்களுக்கும் பயன்படும்.

நீலக்கதிர்

முதல் கேள்விக்கு நான். ஓடிடியில் 4கே படம் பெரும்பாலும் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகத்தில் வருகிறது. 4கே ப்ளூ-ரேயின் உச்ச வரம்பு 128 மெகாபிட். நடைமுறையில் 50, 60, சில படங்களில் அதற்கு மேலும் ஓடும். 2 மணி நேரப் படத்துக்கு 20 மெகாபிட் என்றால் 18 ஜிபி, 60 மெகாபிட் என்றால் 54 ஜிபி. இரண்டுமே பெரும்பாலும் எச்.265 கோடெக்தான் (படத்தைச் சுருக்கும் முறை). அதனால் இந்த வித்தியாசத்தைக் கோடெக்கை வைத்துச் சரிக்கட்ட முடியாது.

ஆனால் எல்லாப் படத்திலும் இது கண்ணுக்குத் தெரியாது. டிஜிட்டல் கேமராவில் எடுத்த, நல்ல வெளிச்சமுள்ள, பெரிய அசைவில்லாத படத்தை சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் ஓடிடியே போதும். தெரியும் இடங்கள் இவை: ஃபிலிமில் எடுத்த படத்தின் துகள்கள் (கிரெய்ன்), புகை, மழை, நீர்ப்பரப்பு, இருட்டறைக் காட்சி, மெல்ல மங்கும் வானம். துகள் என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவது. முந்தின ஃபிரேமிலிருந்து ஊகிக்க முடியாததால் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு வரும் தகவல் அளவை, விழுங்கும். பிட் போதாதபோது என்கோடர் (படத்தைச் சுருக்கும் மென்பொருள்) முதலில் அதைத்தான் வழித்து எறியும். அப்புறம் முகமெல்லாம் மெழுகு பூசினது மாதிரி ஆகிவிடும். இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஒலியில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஓடிடியில் அட்மாஸ் (மேலிருந்தும் சுற்றிலும் கேட்கும் டால்பி ஒலி) வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் மூலம், உச்சம் 768 கிலோபிட். டிஸ்க்கில் ட்ரூஎச்டி, இழப்பே இல்லாதது, நொடிக்குச் சில மெகாபிட். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இதனால் பயனில்லை. ரிசீவரும் தனி ஸ்பீக்கர்களும் வைத்திருப்பவருக்கு டிஸ்க் வாங்க இது ஒன்றே போதுமான காரணம்.

இன்னொன்று. உறையில் 4கே என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஃபிலிம் நெகட்டிவைப் புதிதாக ஸ்கேன் செய்ததா, பழைய 2கே மூலப்பிரதியைப் பெரிதாக்கியதா, துகளை நீக்கும் மென்பொருளில் போட்டு உருக்குலைத்ததா என்று பார்க்கணும். மோசமான 4கே வெளியீட்டைவிட நல்ல பழைய 1080 ப்ளூ-ரே எவ்வளவோ மேல். கணினியில் டிரைவ் இருந்தால் பிடிஇன்ஃபோ என்ற இலவசக் கருவி, டிஸ்க்கின் உண்மையான பிட்ரேட்டையும் ஒலித்தடங்களையும் அப்படியே காட்டும்.

மேகராசி

படத்தரம் சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா பிடிச்ச படத்தை டிஜிட்டலா "வாங்கி" வச்சுக்கலாமே? அலமாரியும் வேண்டாம், பிளேயரும் வேண்டாம். மாதச் சந்தா மாதிரி படம் வந்து போற பிரச்சினையும் இல்லையே?

வட்டுப்பெட்டி

"வாங்கு" என்ற பொத்தானை அழுத்தும்போது உங்களுக்குக் கிடைப்பது உரிமம், படம் அல்ல. ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் பெட்டகம் 2019 ஜூலை 31இல் மூடப்பட்டது. வேறு சேவையோடு கணக்கை இணைத்து வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் படங்கள் தப்பின. இணைக்காதவர்கள் சிக்கலில் மாட்டினார்கள். 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. புது ஒப்பந்தம் ஏற்பட்டதால் அது பிறகு நின்றது. அதாவது உங்கள் நூலகம் அடுத்தவர்களின் ஒப்பந்தத் தேதியில் தொங்குகிறது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து, உரிமம்தான் தருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று டிஜிட்டல் கடைகள் போடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

பதிப்பு மாறுவது இன்னொரு பிரச்சினை. சர்வரில் இருக்கும் கோப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்: வசனம் வெட்டலாம், பின்னணிப் பாட்டை மாற்றலாம், நிறத்தைத் திருத்தலாம். உங்களுக்குத் தகவல்கூட வராது.

சுவடி

இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். டிஸ்க் என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் தவறு தொடங்குகிறது. சிடி, டிவிடி, ப்ளூ-ரே மூன்று வகையும் 120 மிமீ விட்டம், 1.2 மிமீ தடிமன். ஆனால் தகவல் இருக்கும் ஆழம் வேறு.

சிடியில் தகவல் லேபிள் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. லேபிளில் கீறினால் முடிந்தது. டிவிடி என்பது தலா 0.6 மிமீ கொண்ட இரண்டு தட்டுகளைப் பசையால் ஒட்டியது. தகவல் நடுவில் இருக்கிறது. லேபிள் கீறலும் அடிப்பக்கக் கீறலும் ஓரளவு தாங்கும், ஆனால் வளைத்தால் ஒட்டு பிரியும். பெட்டியின் நடுப்பல்லை அழுத்தாமல் டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து இழுப்பது டிவிடிக்குச் செய்யும் பெரிய கெடுதல். ப்ளூ-ரேயில் தகவல் அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மிமீ உள்ளே. அதனால்தான் கடினப்பூச்சு போடுகிறார்கள். எளிதில் கீறாது, கீறல் பூச்சைத் தாண்டிவிட்டால் மீட்க வழியில்லை.

அடுத்து, அழுகல். டிவிடியின் பிரதிபலிப்பு அடுக்கு பெரும்பாலும் அலுமினியம். பசை சரியில்லாமலோ விளிம்பு சரியாக மூடாமலோ இருந்தால் காற்றும் ஈரமும் புகுந்து அலுமினியம் ஆக்சைடாகும், இல்லை பசையே கலங்கும். தயாரிப்புக் குறை என்பதால் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் வரலாம். வார்னர் 2006க்கும் 2008க்கும் இடையில் வெளியிட்ட டிவிடிகளில் ஒரு பகுதி இப்படிக் கெட்டுப்போவதை அந்த நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. உங்களிடம் அந்தக் காலத்து டிவிடிகள் இருந்தால் அவற்றைத்தான் முதலில் சோதிக்கணும்.

சோதிப்பது எப்படி? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை போன்ற புள்ளிகள், விளிம்பிலிருந்து உள்ளே பரவும் பழுப்பு, பால் போன்ற மங்கல் ஆகியவை தெரியலாம். கண்ணுக்கு எதுவும் தெரியாமலும் டிஸ்க் கெட்டிருக்கலாம். முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று வைத்துவிடாதீர்கள். தடம் உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது; கெடுதல் பெரும்பாலும் வெளி விளிம்பில் தொடங்குகிறது. ஒரே அடுக்கு டிஸ்க்கில் விளிம்பு என்பது படத்தின் கடைசிப் பகுதி. இரட்டை அடுக்கு டிவிடியில் முதல் அடுக்கு வெளியே போய், இரண்டாவது அடுக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பும். அதனால் விளிம்பு என்பது படத்தின் நடுப்பகுதி. இடைவேளை வரும் இடத்தை ஒட்டி டிவிடி உறைந்து நிற்கிறதென்றால் காரணம் இதுதான். கணினியில் டிஸ்க்கை முதல் பிட்டிலிருந்து கடைசி வரை முழுக்கப் படிக்க வைப்பது ஒன்றே நம்பகமான சோதனை.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்கணும், வட்டமாக அல்ல. டிவிடியின் பிழைதிருத்தம், தடத்தின் நெடுகிலும் ஏறத்தாழ 6 மிமீ வரை விடுபட்ட தகவலை மீட்டுவிடும். குறுக்குக் கீறல் தடத்தை ஒரு கணம் வெட்டிவிட்டுப் போகிறது, எளிதில் சமாளிக்கலாம். வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடுகிறது, 6 மிமீயைத் தாண்டிவிடும். மைக்ரோஃபைபர் துணி, தேவையானால் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த தண்ணீர், அவ்வளவு போதும். தின்னர், அசிட்டோன், கண்ணாடித் துடைப்பு திரவம் எதுவும் வேண்டாம், பாலிகார்பனேட் கலங்கிப்போகும்.

வைப்பது நிமிர்த்தி. வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் அருகில், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ், வெயில் படாமல். இந்த எண்களை அப்படியே எட்ட முடியாவிட்டாலும் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பரணும் கார் டிக்கியும் கூடவே கூடாது. உறை வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் என்று பார்த்து வாங்குங்கள். பிவிசி உறையிலிருந்து கசியும் மென்மையாக்கி டிஸ்க்கின் மேல் பிசுபிசுவென்று படியும்.

மேகராசி

கீறல் விழுந்தா தேய்ச்சு பாலிஷ் போடுற மெஷின் இருக்கே சார், அதுல கொடுக்கலாமா?

சுவடி

டிவிடிக்குக் கொடுக்கலாம். மேலே 0.6 மிமீ பிளாஸ்டிக் இருக்கிறது, சில மைக்ரான் போனால் பாதகமில்லை. ப்ளூ-ரேயைக் கொடுக்காதீர்கள், பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடுத்த முறை விரல் பட்டாலே கீறும். அழுகலுக்கு எந்த மெஷினும் உதவாது.

நீலக்கதிர்

4கே டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. மூன்று அடுக்கு 100 ஜிபி டிஸ்க் புத்தம்புதிதாகவே ஓரிடத்தில் உறைந்து நிற்கும். உடனே டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஆலையிலிருந்தே படிந்து வரும் மெல்லிய படலமோ ஒரு கைரேகையோ போதும், ஆழமான அடுக்கை லேசர் தவறவிட. சுவடி சொன்ன முறையில் கழுவித் துடைத்து, பிளேயரை மின்இணைப்பிலிருந்து ஒரு நிமிடம் கழற்றி மாட்டி, மறுபடி போடுங்கள். அப்போதும் அதே இடத்தில் நின்றால் மாற்றுங்கள். வேறு வேறு இடத்தில் நின்றால் சந்தேகத்தைப் பிளேயர் பக்கம் திருப்புங்கள்.

சுழலச்சு

எல்லோரும் டிஸ்க்கைப் பற்றியே பேசுகிறோம். என் கருத்தில் முதலில் கையை விரிக்கப்போவது பிளேயர். நல்ல ஆலையில் அச்சடித்த டிஸ்க் பல பத்தாண்டுகள் இருக்கும். லேசர் டயோடு அவ்வளவு காலம் இருக்காது. புதிது வாங்கக் கிடைப்பதும் குறைந்துகொண்டே வருகிறது.

எது எப்படிப் பழுதாகும் என்று சொல்கிறேன். தட்டு வெளியே வராமல் "கிர்" என்று மட்டும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அதே விட்டத்தில் சதுர வெட்டு கொண்ட பெல்ட் மாற்றினால் சரியாகும். டிவிடி ஓடுகிறது, ப்ளூ-ரே ஓடவில்லை என்றால் தட்டு, மோட்டார் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர்; அந்த இரண்டாவது டயோடு ஓய்ந்திருக்கும், இல்லை லென்ஸில் தூசி இருக்கும். முதலில் தூசியைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, அழுத்தாமல் ஒரே ஒரு தொடுதல். லென்ஸ் மெல்லிய கம்பியில் தொங்குகிறது, அழுத்தினால் முடிந்தது. தூரிகை வைத்த லென்ஸ் கிளீனர் டிஸ்க்குகளை ப்ளூ-ரே பிளேயரில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபார்ம்வேர், அதாவது பிளேயருக்குள் ஓடும் மென்பொருள், இன்னும் பெரிய விஷயம். ப்ளூ-ரேயின் பூட்டான ஏஏசிஎஸ், புது டிஸ்க்குகளில் புதுச் சாவித் தொகுப்போடு வருகிறது. தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்தினால் பழைய டிஸ்க் ஓடும், புதியது ஓடாமல் போகலாம். இப்போதே கடைசி ஃபார்ம்வேர் கோப்பை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். பிறகு அந்த இணையப்பக்கமே இருக்காது.

கணினியில் அதிகாரபூர்வமாக 4கே டிஸ்க் பார்க்கும் வழி ஏறக்குறைய மூடிவிட்டது. அதற்குத் தேவைப்பட்ட எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் 11, 12ஆம் தலைமுறைக் கோர் சிப்களிலிருந்து எடுத்துவிட்டது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும், ஆனால் டிஸ்க்கில் உள்ள டால்பி விஷன் என்ற ஒளி-நிற மேம்பாட்டைத் தராது. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அமைப்புகளில் பலர் தவறவிடுவது "செகண்டரி ஆடியோ", சிலவற்றில் "பிடி ஆடியோ மிக்ஸ்" என்றிருக்கும். அது ஆன் ஆகியிருந்தால் மெனுச் சத்தத்தைக் கலப்பதற்காகப் பிளேயர் ட்ரூஎச்டியை உடைத்துச் சாதாரண டால்பியாக அனுப்பும். அதை ஆஃப் செய்யுங்கள், ஒலி வெளியீட்டைப் பிட்ஸ்ட்ரீம் (உடைக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) ஆக்குங்கள், 24 ஃபிரேம் வெளியீட்டை ஆன் செய்யுங்கள், பிடி-லைவை (டிஸ்க் இணையத்தோடு தொடர்புகொள்ளும் வசதி) அணையுங்கள். கடைசியாகச் சொன்னதைச் செய்தாலே சில டிஸ்க்குகள் சட்டென்று திறக்கும்.

சர்வர்சாமி

மூணாவது கேள்வி நம்ம ஏரியா. முதல்ல சட்டம்: சொந்த டிஸ்க்கா இருந்தாலும் பூட்டை உடைச்சு நகலெடுக்கறது சில நாடுகள்ல தப்பு, சில நாடுகள்ல விலக்கு இருக்கு. உங்க நாட்டு விதியைப் பார்த்துக்கிட்டு செய்யுங்க.

மேக்எம்கேவி மாதிரி மென்பொருள் படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காம எம்கேவிங்கற கோப்புக்குள்ள அப்படியே மாத்தித் தரும். இதைத்தான் ரீமக்ஸ்னு சொல்றோம். டிவிடிக்கும் சாதா ப்ளூ-ரேக்கும் அதைப் படிக்கிற எந்த டிரைவும் போதும். 4கே-க்கு மட்டும் எந்த மாடல், எந்த ஃபார்ம்வேர்னு பட்டியல் பார்த்து வாங்கணும். டிரைவ் வாங்கினதும் ஃபார்ம்வேரை அப்டேட் பண்ணிடாதீங்க, படிச்சுக்கிட்டு இருந்ததும் படிக்காம போயிடும்.

இடக் கணக்கு: டிவிடி 4 முதல் 8 ஜிபி, ப்ளூ-ரே 20 முதல் 40, 4கே 50 முதல் 90. 200 டிவிடி, 100 ப்ளூ-ரே, 20 4கே இருந்தா சராசரி 6, 30, 70னு போட்டு 1.2 + 3 + 1.4, மொத்தம் 5.6 டிபி. அதுக்கு 8 டிபி டிஸ்க். விண்டோஸ் அதை 7.27னுதான் காட்டும், பயப்பட வேண்டாம். நேரம் டிவிடிக்கு 20 நிமிஷம், ப்ளூ-ரேக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி, 4கே-க்கு ஒரு மணிக்கு மேல.

எங்க தப்பு நடக்கும்னா, சில ப்ளூ-ரேல வேணும்னே நூத்துக்கணக்கான போலி பிளேலிஸ்ட் (எந்தக் காட்சிக்குப் பின்னால எதுன்னு சொல்ற பட்டியல்) வச்சிருப்பாங்க. எல்லாம் ஒரே நீளம் காட்டும், ஆனா காட்சி வரிசை மாறியிருக்கும். பிளேயர்ல அதே டிஸ்க்கை ஓட்டி எந்த பிளேலிஸ்ட் எண் ஓடுதுன்னு பார்த்து அதையே எடுக்கணும். அப்புறம் வேற மொழி வசனத்துக்கு மட்டும் வர்ற கட்டாய சப்டைட்டில், அதை டிக் பண்ண மறந்தா முக்கியமான இடத்துல ஒண்ணும் புரியாது. டிவிடியில இன்டர்லேஸ் (ஒரு ஃபிரேமை ஒற்றை, இரட்டைக் கோடுகளாப் பிரிச்சு வைக்கறது) இருந்தா சேமிக்கும்போது "சரி" பண்ண போகாதீங்க. டிவிடியில இருக்கற எம்பெக்-2 வீடியோவை அப்படியே வச்சுக்குங்க, பார்க்கும்போது ஜெல்லிஃபின், கோடி மாதிரி பிளேயர் மென்பொருள் பார்த்துக்கும். போனுக்குச் சின்ன பிரதி வேணும்னா ஹேண்ட்பிரேக்ங்கற மென்பொருள்ல தனியா பண்ணுங்க, மூலத்தைத் தொடாதீங்க. மெனு, டைரக்டர் உரை, கூடுதல் காட்சிகள் எல்லாம் முக்கியமான டிஸ்க்னா எம்கேவி போதாது, முழு டிஸ்க் பிரதியும் எடுங்க.

எடுத்த எல்லாத்துக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு மாறியிருந்தா காட்டிக்கொடுக்கும் எண்) போட்டு ஒரு கோப்புல வையுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை சரிபாருங்க. ரெய்டு (பல ஹார்ட் டிஸ்க்கை ஒண்ணா இணைச்சு வைக்கறது) பேக்கப் கிடையாது; ஒரு டிஸ்க் செத்தா ஓடிக்கிட்டே இருக்க உதவும், கைதவறி அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்தே அழியும். தனியா இன்னொரு ஹார்ட் டிஸ்க், வேற இடத்துல. எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாம வருஷக்கணக்கா உள்ளே வைக்காதீங்க, அதுல இருக்கிற மின்னூட்டம் கசிஞ்சு போகும்.

மேகராசி

அப்போ ரிப் பண்ணிட்டு (நகலெடுத்துட்டு) டிஸ்க்கை வித்துடலாம்ல?

சர்வர்சாமி

கூடாதுங்க. வித்துட்டா நகலை வச்சுக்கற நியாயமும் போச்சு. ஹார்ட் டிஸ்க் போனா திரும்ப எடுக்க மூலமும் போச்சு. இடம்தான் பிரச்சினைன்னா பெட்டியைக் கழிச்சுடுங்க. டிவிடி பெட்டி 14 மிமீ, நூறு பெட்டின்னா 1.4 மீட்டர். பாலிப்ரொப்பிலீன் உறையில டிஸ்க்கையும் அட்டையையும் சேர்த்து வச்சா அதுல கால்வாசி கூட வராது.

நீலக்கதிர்

வாங்குவது பற்றி முடித்துவிடுகிறேன். ஓடிடிக்கு வரவே வராத படங்கள், மூல ஒலிக்கலவை டிஸ்க்கில் மட்டும் இருப்பவை, பல பதிப்புகள் உள்ளவை, ஃபிலிமில் எடுத்து ஒழுங்காக மீட்டெடுத்தவை: இவற்றுக்கே முன்னுரிமை தருவேன். க்ரைட்டீரியன், ஆரோ போன்ற வெளியீட்டாளர்கள் செய்யும் மீட்டெடுப்புகள் இந்த வகை. குறைந்த எண்ணிக்கையில் அச்சிடுபவை தீர்ந்தால் திரும்ப வருமென்று உறுதியில்லை. புதுப்படம் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கும் பழக்கத்தை விடலாம்.

மண்டலக் குறியீட்டை (எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்ற குறி) கவனியுங்கள். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது. அதே பெட்டியில் வரும் சாதா ப்ளூ-ரேக்கு இருக்கலாம். கூடுதல் காட்சிகள் அதில்தான் இருக்கும். பால் (PAL, ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் டிவி முறை) டிவிடியில் 24 ஃபிரேம் படம் 25இல் ஓடுவதால் 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடியும், குரலும் சற்றுக் கீச்சென்று ஏறலாம். பழைய டிவிடி வாங்கும்போது இரண்டு பதிப்பு கிடைத்தால் இதையும் பாருங்கள்.

பயன்படுத்திய டிஸ்க்கானால் நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வேகமாகச் சுழலும்போது அங்கிருந்துதான் உடையும். அடிப்பக்கம் ஊதாவாக இருந்தால் அது அச்சடித்த டிவிடி இல்லை, பதிவு செய்தது. சில நிறுவனங்களே ஆர்டர் வந்த பிறகு இப்படிப் பதிந்து அனுப்பியதுண்டு. அதைக் கையில் வந்த அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

வட்டுப்பெட்டி

நல்லது. இப்போது வரிசையைக் கேட்கிறேன். நிறைய டிஸ்க் இருக்கிறது, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும். எதிலிருந்து தொடங்குவது?

சுவடி

வீட்டில் பதிந்த டிவிடி-ஆர்களில் தொடங்குங்கள். அதில் தகவல் இருப்பது கரிமச் சாயத்தில். வெளிச்சமும் வெப்பமும் அதை மெல்ல அழிக்கின்றன. திருமண வீடியோ மாதிரி வேறெங்கும் பிரதி இல்லாதவை இதில்தான் இருக்கும். அடுத்து 2006–2008 டிவிடிகள், அப்புறம் மற்ற இரட்டை அடுக்கு டிவிடிகள். ப்ளூ-ரே காத்திருக்கலாம்.

டிவிடி-ஆர் பாதியில் படிக்காமல் நின்றால் உடனே கைவிட வேண்டாம். டிடிரெஸ்க்யூ என்ற கருவியில் மேப் கோப்போடு ஒருமுறை ஓட்டுங்கள். படிக்கக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, விடுபட்ட இடங்களைக் குறித்து வைக்கும். பிறகு அதே மேப் கோப்பைக் கொடுத்து வேறொரு நிறுவனத்தின் டிரைவில் ஓட்டினால் விடுபட்டதை மட்டும் முயலும். ஒரு டிரைவ் தவறவிட்ட இடத்தை இன்னொன்று படிப்பது வழக்கமாக நடப்பதுதான், ஏனென்றால் லேசரின் சக்தியும் குவியத்தை நிறுத்தும் முறையும் டிரைவுக்கு டிரைவ் வேறு. பழைய, மெதுவான டிவிடி ரைட்டர் ஒன்று கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்டுங்கள்.

வட்டுப்பெட்டி

டிவிடி-ஆர்களைத் தனியாகப் பிரித்து எடுத்துவைக்கிறேன். சுழலச்சு, பெல்ட்டின் விட்டத்தை அளப்பது எப்படி என்று மட்டும் ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும்.

சுழலச்சு

தளர்ந்த பெல்ட்டை அப்படியே அளந்தால் தப்பாகத்தான் வரும், அது ஏற்கனவே நீண்டிருக்கும். இரண்டு கப்பிகளையும் சுற்றி ஒரு நூலைச் சுற்றி நீளம் எடுங்கள். அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து, 3.14ஆல் வகுத்தால் வாங்க வேண்டிய விட்டம். தடிமன் பெரும்பாலும் 1 முதல் 1.2 மிமீ, கழற்றியதைக் காலிப்பரில் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.